தலைகீழாக நின்ற நிலைக்கால்

அண்ணே,

இந்திராணி வீட்டு வாசல் நிலை இன்று காலை என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மினி லாரியில் கொண்டுவந்து இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழைய வார்னிஷ் எவ்வளவு தடிமன் என்று பார்க்க, ஒரு காலில் மட்டும் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன். கறுத்துப்போன மேல்பூச்சு போய் உள்ளே தேக்கு எட்டிப் பார்த்ததும் அந்த வாடை கிளம்பியது. தோல் செருப்பில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு வாடை. நீங்கள் பக்கத்தில் வந்து நின்றால் அடிப்பதும் அதேதான். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்காருவதற்கு ஏதாவது சாக்கு கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

அலுத்துப் போச்சு, அண்ணே. வேலை இல்லாத அலுப்பு இல்லை, இருக்கிற அலுப்பு. அறந்தாங்கியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வீடு எழும்புகிறது. எல்லாருக்கும் தேக்குக் கதவு வேண்டும், ஆனால் அது தேக்கு நிறத்தில் இருக்கக் கூடாது. போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இந்தக் கலர் வருமா?" என்கிறார்கள். அந்தக் கலர் வேண்டுமென்றால் அந்த மரத்தையே வாங்கியிருக்கலாமே என்று வாய் வரை வருவதை விழுங்கிவிட்டு ஸ்ப்ரேயைத் தூக்குகிறேன். முகத்தில் துணி கட்டினாலும் இருமல் விடுவதில்லை. முட்டிவலி வேறு. நீங்கள் இருந்திருந்தால், "ஒனக்கு யாரு இம்புட்டு வேலைய எடுக்கச் சொன்னா?" என்று திட்டுவீர்கள். திட்டிக்கொண்டே அடுத்த வேலையையும் என் தலையில் கட்டுவீர்கள்.

நீங்கள் தச்சர், நான் பாலிஷ்காரி. நீங்கள் கை எடுத்த பிறகுதான் என் கை படும். எந்தத் தச்சர் எங்கே சறுக்கினார், எந்த இடுக்கை மக்குப் பசை வைத்து மூடினார் என்பதெல்லாம் முதலில் பாலிஷ்காரிக்குத்தான் தெரியும். உங்கள் வேலையில் நான் மக்கு டப்பாவைத் திறந்ததே அபூர்வம். அதனால்தான் இந்திராணி வீட்டில் நடந்ததை நீங்கள் கடைசி வரை இறக்கி வைக்கவில்லையோ என்னவோ.

அந்த மரத்தை வாங்கக் காரைக்குடிப் பக்கத்துக் கிடங்குக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். அறுத்து வைத்த சட்டங்கள் எத்தனையோ இருக்க, முழு உருட்டுதான் வேண்டும் என்று நின்றீர்கள். "ரெண்டு காலும் ஒரே மரத்துல இருந்து வரணும் தங்கச்சி. வேற வேற மரம்னா ஒண்ணு வெயிலுக்கு ஒரு பக்கம் போகும், இன்னொண்ணு இன்னொரு பக்கம் போகும்" என்றீர்கள். அறுவை மில்லில் சட்டம் வெளியே வந்ததும், வேர்ப்பக்கம் இருந்த முகத்தில் செங்காவிக் கட்டியால் ஒரு சுழி போட்டீர்கள். காட்டில் நின்ற மாதிரியே மரம் வீட்டிலும் நிற்க வேண்டும், வேர்ப்பக்கம் கீழே, நுனி மேலே. தலைகீழாக நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஏற்றிய நிலையை இறக்குவது அதைவிட ஆகாது.

இந்திராணியின் வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர். நிலை வைக்கும்போது இருக்க வேண்டும் என்று லீவில் வந்தவரை, கம்பெனிக்காரன் பாதியிலேயே கூப்பிட்டுவிட்டான். நல்ல நேரத்தை முன்னால் இழுத்தார்கள். நீங்கள் சோறு தண்ணியில்லாமல் இழைத்தீர்கள். ஒரு காலின் முனையில் வெடிப்பு இருந்தது. அதை அறுத்துத் தள்ளினீர்கள். காவிச் சுழியும் அந்தத் துண்டோடு போய்விட்டது. வேறு எவராக இருந்தாலும் திரும்பப் பார்த்திருப்பார்கள். உங்களுக்கு உங்கள் கண் மேல் நம்பிக்கை, தூக்கி நிறுத்திவிட்டீர்கள். நவதானியம் முடிந்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, உங்களுக்கு வேட்டி துண்டும் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் அவர் விமானம் ஏறினார்.

அதற்குப் பிறகுதான் நான் எண்ணெய்த் துணியோடு போனேன். தேக்கின் ரேகை கோபுரம் கோபுரமாக ஓடும். கோபுரத்தின் முனை பார்க்கிற பக்கம்தான் மரத்தின் நுனி. வலது காலில் அது மேலே பார்த்தது. இடது காலில் பெரும்பாலும் நேர் ரேகை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், எண்ணெய் ஊறிய பிறகு, மெல்லிசாக ஒரு கோபுரம் தெரிந்தது. அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் அந்த ரேகையைத் தடவிப் பார்த்தீர்கள். "ஆமா தங்கச்சி. தலைகீழாத்தான் நிக்கிது" என்று சொல்லி, சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள்.

"நான் பாலிஷக் கொஞ்சம் கருப்பா ஏத்திவிட்டா ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே" என்றேன்.

"தெரியாது. ஆனா அந்தப் புள்ள வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அதுக்குத்தான மஞ்சப் பூசும்?"

பின்பக்கம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இந்திராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டீர்கள். குழாயை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. "பிடுங்கிட்டுத் திருப்பி வச்சுத் தாரேன் ஆத்தா" என்றீர்கள். "ஏத்துன நிலைய இறக்குறதா? வேணாண்ணே. நம்ம மூணு பேரோட போகட்டும்" என்றாள். அப்புறம்தான் அவள் கேட்டாள்: "ஏதாச்சும் ஆகுமாண்ணே?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. "ஒண்ணும் ஆகாது ஆத்தா, போய் வேலையப் பாரு." இவ்வளவுதான். நீங்களோ யோசித்து, "மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. மத்தது எனக்குத் தெரியாது" என்றீர்கள். உங்கள் நேர்மையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது. ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் எது நடந்தாலும் உங்கள் போன் அடித்தது. போர்வெல்லில் தண்ணீர் வற்றியது, மகள் பரிட்சையில் தவறினாள், மாமியார் வழுக்கி விழுந்தார். "அதுனாலயாண்ணே?" என்பாள். "வாரேன் ஆத்தா, வாரேன்" என்று ஆவுடையார்கோயில் பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள். போய் என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து மூடிப் பார்ப்பீர்கள். உராயாத இடத்தில் இழைப்புளியை ஒரு ஓட்டு ஓட்டுவீர்கள். கீலுக்கு எண்ணெய் விடுவீர்கள். அவள் தரும் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவீர்கள். அவளுக்கு அது போதும் போலிருந்தது. உங்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு சவுதியில் அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, பெட்டியாகத்தான் திரும்பினார். அன்றைக்கு நீங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். "உள்ள வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அந்த வாசலத் தாண்ட என்னால முடியாது தங்கச்சி. நான் இங்கிட்டே நிக்கிறேன்" என்றீர்கள். வெயில் தலையைப் பிளந்தது. பெட்டி அந்த நிலைக்குள் போனதையும் வந்ததையும் அங்கிருந்தேதான் பார்த்தீர்கள்.

அதோடு அவள் போன் நின்றுபோனது. முன்பு அடித்த போனைவிட அடிக்காத போன் உங்களை அதிகம் அரித்தது. வேலைக்கு நடுவே, "இந்திராணி ஒன்னையக் கூப்புட்டுச்சா?" என்று கேட்பீர்கள். நேரில் போய்ப் பார்ப்போம் என்றால், "வேணாம். என்னையப் பார்த்தா அதுக்கு அந்தக் கட்டைதான் நெனப்பு வரும்" என்பீர்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அதைத்தான் கேட்டீர்கள். உங்கள் காரியத்துக்கு வந்தவள் ஒரு மூலையில் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை, போய்விட்டாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். அவள் வீட்டு முன்பக்கம் போய்விட்டது. பின்னால் தள்ளிக் கட்டுகிறாள். இறக்கக் கூடாத நிலையை ஜேசிபி இறக்கிவிட்டது. அதைப் பற்றிப் பேச மதியம் வந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும் வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

"அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? ஒன் வாயில இருந்து ஒரு வார்த்தை வராதான்னே அந்த மனுசன் செத்தாரு" என்றேன்.

செம்பைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"கடைசியா லீவுல வந்தப்பவே, 'நெஞ்சு என்னமோ பண்ணுது, இந்த வாட்டி போகல'ன்னு சொன்னாருக்கா. நான்தான், மாடி பாதியில நிக்கிது, ஒரே ஒரு வருசம் போயிட்டு வந்துருங்கன்னு பெட்டியக் கட்டிக் குடுத்தேன்." நிலையின் பக்கம் திரும்பினாள். "அண்ணன் வந்து மொகத்துக்கு நேரா, 'அதுனாலயா ஆத்தா'ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? அதுனால இல்லண்ணேன்னு சொன்னா, பெறகு எதுனாலன்னு நான் நெனச்சுப் பார்க்கணும்ல? எல்லாத்தையும் அந்தக் கட்டை மேல போட்டுட்டுக் கெடந்தேன்க்கா."

அவளைத் திட்டலாம் என்று வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் எழுந்தாள். இடது காலின் மேல் கையை வைத்து, "புது வீட்டுல இதை நேரா நிறுத்தச் சொல்லிருங்கக்கா. எனக்காகத் தலைகீழா நின்னது போதும்" என்றாள்.

திருப்பினால் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். கதவு அமரும் காடியைப் புதிதாக வெட்ட வேண்டும், பழைய துளைகளை அடைக்க வேண்டும். புதுக் கால் போடுவதே சுலபம் என்று எந்தத் தச்சரும் சொல்வார். பேசிப் பார்க்கிறேன். அதுவும் என் தலையில்தான். முட்டி தாங்கினால் நானே கூட நின்று, அடி எது நுனி எது என்று காட்டிக் கொடுப்பேன்.

ஆனால் அவள் சொன்னதை என்ன செய்வது, அண்ணே? இத்தனை வருடமும் நீங்கள் காத்திருந்த அந்த 'அதுனால இல்லண்ணே' ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கு அதை என் கையில் கொடுத்துவிட்டு அவள் இலகுவாகப் போய்விட்டாள். நான் யாரிடம் கொடுப்பது?