கறுப்புக் குதிரைக்கு நான்கு டிக்கெட்

மார்ச் 4

கிடைத்துவிட்டது! காலை எட்டு மணிக்கு இணையதளம் திறந்தது, எட்டு ஆறுக்கு 'இடமில்லை' என்று வந்துவிட்டது. அதற்குள் நான்கு டிக்கெட் பிடித்துவிட்டேன். எனக்கு, இவருக்கு, மகளுக்கு, நாத்தனாருக்கு. மே 3, காலை பத்தரை.

ஒரு பதிவுக்கு நான்கு பேர்தான். அரண்மனையின் மாடி அறைக்குள் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், பதினைந்து நிமிடம். மூச்சுக்காற்றின் ஈரத்தில் கூரை ஓவியம் உரிகிறதாம். நாத்தனார் கணவர் தானாகவே விலகிக்கொண்டார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கேம்மா மாடி ஏற? கீழே காத்தாட உக்காந்திருக்கேன்."

அலுவலகத்துக்குத் தாமதம். மேலாளர் காரணம் கேட்டார். "குதிரை பாக்கணும் சார்" என்றேன். முழித்தார்.

மார்ச் 15

பரண் பெட்டியில் கல்லூரிக் கட்டுரை அகப்பட்டது. வரலாறு, மூன்றாம் ஆண்டு. அந்தக் கூரையில் இருக்கும் கறுப்புக் குதிரையைப் பற்றிப் பதினோரு பக்கம்! ஒரு பழைய புத்தகத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தை நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். உள்ளே படம் எடுக்கத் தடை, அதனால் இன்றும் எங்கே தேடினாலும் அதே படம்தான். இருபத்தாறு வருடமாக 'ஒருநாள் போவேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் சொன்னேன்? என்னிடம்தான்.

ஏப்ரல் 11

அரண்மனைக்குக் கைடு முடிவாகிவிட்டது. நான்கு பேரிடம் பேசினேன். மூன்று பேர் ஒப்பித்தார்கள். நான்காவது ஒரு பெண்மணி, கரகரத்த குரல். "மத்தவங்க எவ்ளோ நேரமாகும்னு கேப்பாங்க. நீங்க குதிரை எந்தக் காலைத் தூக்கியிருக்குன்னு கேக்கறீங்க!" என்று சிரித்தார். கறுப்புக் குதிரை என்று நான் சொன்னபோது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வந்து பாருங்க" என்றார்.

பச்சை ஃபைலில் எல்லாம் போட்டாயிற்று. ஒவ்வொரு ஊருக்கும் டிக்கெட், கைடு எண், எந்த வாசல், எத்தனை மணி. இவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அட்டையிலேயே பாஸ்வேர்டையும் எழுதி வைத்தேன்.

மே 1

கோபம் தாங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

மதியம் கைடு அழைத்தார், பெயர்களைச் சரிபார்க்க. இவர் பெயர், மகள், நாத்தனார், நாத்தனார் கணவர். "நீங்க வரலையாமே, ஏம்மா?"

வரலையா? நானா?

டிக்கெட் தேதிக்கு மூன்று நாள் முன்புவரை ஒரே ஒரு பெயரை, ஒரே ஒரு தடவை மாற்றலாம். அதை நேற்று இவர் செய்திருக்கிறார். என் பாஸ்வேர்டை வைத்து, என் பெயரை எடுத்துவிட்டு. ஓடிபி என் போனுக்குத்தானே வரும் என்று யோசித்தேன். நான் குளிக்கப் போயிருந்தபோது மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். "நீயே விட்டுக்குடுத்துட்டேன்னு அப்பா சொன்னாரும்மா" என்று அழுகிறாள். அவளை என்ன சொல்ல?

இவரிடம் கேட்டேன். செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை.

"மாமாவுக்கு முட்டி தேவலையாம். வரேன்னுட்டார். அவரை வெளியே நிக்க வைக்க முடியுமா? மரியாதையா இருக்குமா?"

"என்னை நிக்க வைக்கலாமா?"

"நீதான் அதைப் பத்தி எல்லாத்தையும் படிச்சிட்டியே! நீ பாத்த மாதிரிதான்."

பாத்த மாதிரிதான்.

சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? அதுதான் கொடுமை. ஒத்துக்கொண்டிருப்பேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் பாத்திரத்தை ஓங்கி வைத்துவிட்டு, ஒத்துக்கொண்டிருப்பேன். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு அவருக்கு அது தெரிந்திருக்கிறது. பல வருடமாக நான்தான் பழக்கியிருக்கிறேன்.

மே 2

ரயில். எட்டு மணி நேரம். நாத்தனார், "ஏன் உம்முனு வரே? தலைவலியா?" என்றார். "ஆமாக்கா, பெரிய தலைவலி" என்று இவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 3

பத்தரைக்கு நால்வரும் ஏறிப் போனார்கள். நான் கீழே, சுற்றுச்சுவர் நிழலில், நாலு பேரின் செருப்புக்கும் பைக்கும் காவல். நாத்தனார் கணவர் முட்டி வலி இல்லாமல் இரண்டிரண்டு படியாக ஏறினார். வயிறு எரிந்தது. எழுதுகிறேன், மறைப்பானேன்?

பதினொன்றுக்கு இறங்கினார்கள். "கழுத்து வலிச்சதுதான் மிச்சம். ஒரே மங்கல்" என்றார் அந்த மாமா. இதற்கா! நாத்தனார் தண்ணீர் கேட்டார். மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, அந்தக் குதிரை—"

"சொல்லாதே."

வாயை மூடிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

கடைசியாகக் கைடு வந்தார். என்னையே பார்த்தார். "நீங்கதானே அந்தக் குதிரைக்காரம்மா?" என்றார். ஏனென்று கேட்கவில்லை. வராதவர்களின் இடத்தைத் தினமும் காலையில் கவுண்டரில் தருவார்களாம். "குடும்பமாப் போனா கிடைக்காது. ஒத்தை ஆளாப் போனா கிடைச்சாலும் கிடைக்கும். ஆறு மணிக்கே வந்து நின்னுடுங்க."

நாளை ஏழு மணிக்கு அடுத்த ஊருக்கு வண்டி.

மாலை, அறையில் பெட்டி கட்டும்போது சொன்னேன்: நான் நாளைக்கு வரவில்லை.

"அப்போ அங்க கோட்டை டிக்கெட், கைடு, எல்லாம் யார் பாக்கறது?"

"பச்சை ஃபைல்ல இருக்கு. படிங்க. படிச்சாலே பாத்த மாதிரிதானே."

மகள் சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். அவர் ஃபைலை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தார். 

மே 4

ஐந்தே முக்காலுக்கே நின்றேன். எனக்கு முன்னால் இருவர். வராதவர்கள் மூன்று பேர். மூன்றாவது இடம் எனக்கு.

கைடு வேறு கூட்டத்தோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே கை காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். விளக்கவில்லை. நன்றி.

குதிரை கறுப்பு இல்லை.

சிவப்பு. கழுவிய செங்கல்லைப் போலச் சிவப்பு. பிடரி மட்டும் வெள்ளை. அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு கறுப்பாகத்தான் விழும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தும் தோன்றவில்லை. பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேனே! 'கருமை இங்கே துயரத்தின் நிறம்' என்று. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காவலாளி முறைத்தார். பிறகு அழுதேன், அதையும் முறைத்தார்.

வெளியே வந்து போனைத் திறந்தேன். இவரிடமிருந்து ஒன்பது அழைப்பு. கோட்டையின் தெற்கு வாசலில் நிற்கிறார்களாம், அந்த ஊர்க் கைடைக் காணோமாம். 'வடக்கு வாசல்' என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். ஃபைலைத் திறக்கவே இல்லை.

திரும்ப அழைக்கவில்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன். ஆறும்வரை, மெதுவாக.

மே 9

வீடு. இவர் இன்று டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "அந்தக் குதிரை என்ன கலர்? நான் சரியாப் பாக்கலை" என்றார்.

சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறக்காது.