வேறு பெயரில் என் இரத்தம்

ஜூன் 9, திங்கள்

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆய்வகத்துக்கு நாலு நிமிட நடை. இன்று இரண்டு முறை நின்றேன். இடது கெண்டைக்காலைத் துணி பிழிவதுபோல் பிழிகிறது. நின்றால் விடுகிறது, நடந்தால் பிடிக்கிறது. தொடை இரத்தக்குழாயின் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. புது மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை போல.

மெத்தையாம்! எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜூன் 12, வியாழன்

இருபத்திரண்டு வருடமாக ஊரார் இரத்தத்தைப் பரிசோதிக்கிறேன். இன்று எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து என் கையில் நானே ஊசி குத்தி எடுத்தேன். சோதனைக் குழாயில் மனதில் தோன்றிய ஒரு பெயரை எழுதினேன். சிஆர்பி பதினொன்று. ஐந்துக்குள் இருக்க வேண்டும். உடம்பில் எங்கேயோ அழற்சி என்று அர்த்தம். எங்கே என்று அது சொல்லாது. சளியாக இருக்கலாம், பல்லாக இருக்கலாம்.

சளியும் இல்லை, பல்வலியும் இல்லை.

ஜூன் 13

வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

மறுபடி எடுத்தேன், அதே பொய்ப் பெயரில். பதினான்கு.

போன தடவை ஆஸ்பத்திரி நாற்காலியில் மூன்று நாள் என் மனைவி உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. மறுபடியும் உட்கார வைப்பதா? அலுப்பாக இருக்கிறது. பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஜூன் 23, திங்கள்

மாட்டிக்கொண்டேன். ஆய்வகத் தலைமை அக்கா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "யாருப்பா இந்த ஆளு? டாக்டர் சீட்டும் இல்ல, வயசும் இல்ல," என்றார்.

தெரிந்தவர் என்றேன்.

"அந்தத் தெரிஞ்சவருக்கு நொண்டுற கால் எது, இடதா?"

காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"வேற யாராவது இந்த ரிப்போர்ட்டோட வந்து கால் வலின்னா என்ன சொல்லுவ?"

டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க — தினம் பத்துப் பேருக்குச் சொல்வதுதானே!

"அப்ப கிளம்பு. முதல்ல பேரைத் திருத்து."

திருத்தினேன். என் பெயரை எழுதக் கை இவ்வளவு கூசுமா?

ஜூன் 25, புதன்

ஸ்கேன். ஸ்டென்டுக்குள்ளேயே சதை வளர்ந்து குழாய் முக்கால்வாசி சுருங்கிவிட்டது.

"சிஆர்பிய மட்டும் வெச்சு அடைப்புன்னு சொல்லிட முடியாது. ஆனா வலி திரும்பின அன்னைக்கே வந்திருக்கணும். நீங்களே லேப்ல இருந்துக்கிட்டு..." டாக்டர் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் சொன்னேன். அவள் அழவில்லை. "என்னைக்கு அட்மிஷன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 2

குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். மருந்து தடவிய பலூனாம். பாதத்தில் சூடு வந்திருக்கிறது. தூக்கம் தூக்கமாக வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

அவளோடு கடைத்தெருவுக்கு நடந்தேன், எங்கும் நிற்காமல். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். இனி அடைக்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துணிக்கடையைத் தாண்டும்போது அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க. ஏப்ரல்லேர்ந்து கடைக்குக் கடை நின்னு வேடிக்கை பாத்தே பழகிட்டேன்."

ஏப்ரலா? நானே ஜூனில்தானே ஒத்துக்கொண்டேன்?

"ஏன் நின்னே?"

"நீங்க நிக்கணுமே."

மீதி வழி அவள் நடைக்கு நடந்தேன்.