பகாவில் குறடு வாங்காதீர்கள்

மெக்கானிக் ஐயாவுக்கு,

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மரவள்ளிக்கிழங்கு அவித்து மூடியிருக்கிறேன்; வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு பகாவ் டவுனுக்கு பஸ் ஏறுங்கள். பொட்டலம் கட்டினால் தோட்டத்து கேட்டில் போலீஸ்காரர், "காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்கா?" என்று பிடுங்கிக்கொள்வார்.

சொந்தச் சாமானோடு வந்தால்தான் நாளை எஞ்சின் வேலை என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். முடிச்சிலிருக்கும் காசு நாலு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தியலுக்குத்தான் காணும். பழைய சாமான் கடையில் வாய் தேயாததாகப் பார்த்து எடுங்கள். நேற்று நீங்கள் வேண்டுமென்று சோறு தின்னாமல் சண்டை போட்ட சிவப்புச் சாமான் பெட்டியில் நாற்பது சாமான் இருக்கலாம். எஞ்சினுக்கு இந்த ஆறு போதும், மீதி உங்கள் மீசைக்குத்தான்.

குறடு வேண்டவே வேண்டாம். நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கும் காலத்தில் கம்பி வெட்டுகிற சாமானோடு உள்ளே வந்தால், "நான் மெக்கானிக்லா" என்று லாக்கப்பில்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தோட்டத்து ஸ்டோரில் கேட்டால் ஒன்று கொடுப்பார்கள்.

அங்கம்மா

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். கிராணிக்கு உங்கள் ஞாபகம் தானாக வரவில்லை. நான்தான் போய், "எங்க வீட்டுக்காரரு எஞ்சின் சத்தத்த வெச்சே கோளாறு சொல்லிருவாருங்க" என்றேன். அவர் சிரித்தார். நாளைக்கு அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு வாருங்கள்.