நாற்பது தப்படிக்கு அப்பால் ஒரு பாட்டு

பிப்ரவரி 12, 1939, ஞாயிறு

களியையும் அவரைக் குழம்பையும் பாறைமேல் வைத்துவிட்டு நாற்பது தப்படி பின்னால் வரப்பில் வந்து நின்றேன். அக்கா குடிசையிலிருந்து வந்து எடுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு முதுகு வலி எப்படி இருக்குது?" என்றாள். "தேவலைக்கா" என்றேன். இரண்டரை வருஷமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. பெருவியாதிக்காரியிடமிருந்து நாற்பது தப்படி தள்ளி நிற்கவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா தலையாட்டினார். நானும்தான்.

பிப்ரவரி 22, விபூதிப் புதன்

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். பெரிய வெள்ளிக்கிழமையில் தேவமாதா புலம்பலை எட்டு வருஷம் முன்னால் நின்று பாடியவள் என் அக்கா பெரியம்மாள். அவளை ஊருக்கு வெளியே வைத்த பிறகு இரண்டு வருஷமும் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பாதியில் நின்றுபோனார்கள். "நீ பள்ளிக்கூடத்து டீச்சர். உனக்குக் காது நல்ல காது. தங்கச்சி கேட்டா அவ பாடுவா. எழுதிக்கிட்டு வா" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். வார்த்தைகள் ஊருக்கே தெரியும். மெட்டை எதில் எழுதுவது? எனக்கு ஸ்வரம் தெரியாது. பாடவும் வராது, தகரத் தொண்டை. பாடப்போகிற பெண்களுக்கோ அ, ஆ கூடத் தெரியாது.

பிப்ரவரி 26

சாமியார் கேட்டதை வரப்பிலிருந்தே சொன்னேன்.  அக்கா, "இத்தன நாள்ல இன்னிக்குத்தான் சாலா நீ எங்கிட்ட ஒண்ணு கேக்கற" என்றாள். பாடினாள்.

*ஆணி தைத்த கையோ, ஐயா,
நான் எண்ணெய் தேய்த்த கையோ...*

சிலேட்டில் எழுத்து எழுதவில்லை. குரல் ஏறினால் கோட்டை ஏற்றினேன், இறங்கினால் இறக்கினேன். பலமாக வந்த இடத்தில் பலப்பத்தைச் சாய்த்துப் பட்டையாக இழுத்தேன். வீட்டுக்கு வந்து கடைக் காகிதத்தில் நீலப் பென்சிலால் அதையே பெரிதாகப் போட்டேன்.

மார்ச் 5

குள்ளம்மாளிடம் காட்டினேன். இந்த வருஷம் முன்னால் நிற்கப்போகிறவள் அவள்தான். கோட்டின்மேல் விரலை வைத்தாள். "இதென்ன டீச்சரம்மா, தொப்பூர் கணவாயாட்டம் இருக்குது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரலை நகர்த்திப் பாடினாள். பாட்டு வந்துவிட்டது! 

ஆனால் அது அக்காவின் பாட்டு இல்லை. 'ஐயா'வில் அக்கா நேராக இறங்குவதில்லை; நடுவில் எதையோ செய்கிறாள். வரப்பிலிருந்து கேட்டால் அது காற்றோடு போய்விடுகிறது.

மார்ச் 12

பாறை வரைக்கும் போனேன். "அங்கயே நில்லு" என்றாள் அக்கா. நின்றேன். 'ஐயா'வில் மூன்று சின்ன அலை இருக்கிறது. மூன்றாவது மற்ற இரண்டைவிடத் தாழ்வு. எட்டு வருஷம் கோயிலில் அவள் பக்கத்திலேயே முழங்காலில் இருந்திருக்கிறேன். ஒருநாளாவது இதைக் கேட்டேனா?

மார்ச் 19

இன்று குடிசை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைக்கெட்டும் தூரம். அக்கா உள்ளே நகர்ந்தாள். "நகராதக்கா, கேக்காது" என்றேன்.

முகம் தடித்திருக்கிறது. புருவம் இல்லை. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கிட்டத்தில் கேட்டால் பாட்டே வேறு. 'எண்ணெய் தேய்த்த' முடிந்து 'கையோ' வருவதற்குள் குரல் அறுந்துவிடுகிறது. மூச்சு மட்டும் கரகரவென்று உள்ளே போகிறது. அப்புறம்தான் 'கையோ'. பதினோரு தடவை பாடச் சொன்னேன். பதினோரு தடவையும் அந்த இடத்தில் அறுந்தது. அங்கே கோட்டை விட்டுவிட்டு ஒரு விரற்கடை வெறும் காகிதம் விட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அது என்ன ஓட்டை?"

"நீ மூச்சு வாங்கற எடம்."

"அது பாட்டு இல்ல பிள்ள, சீக்கு. தொண்டயும் போயிட்டிருக்குது. அத எழுதாத."

நோய் வருவதற்கு முன் அங்கே நிறுத்தினாளா, இல்லையா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

மார்ச் 20

யாரோ பார்த்துவிட்டார்கள். அப்பா என்னோடு பேசவில்லை.

மார்ச் 27

பள்ளிக்கூடத்துக்கு இனி வரவேண்டாமாம். பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று ஏழெட்டுப் பேர் சாமியாரிடம் போய் நின்றிருக்கிறார்கள். அவரும் வேறு என்ன செய்வார், நல்லவர்தான், குனிந்துகொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அந்தக் காகிதம்..." என்றார்.

கிழிச்சு அடுப்புல போடலாம்னு வந்தது. அவ வேணாம், நான் வேணாம், பாட்டு மட்டும் வேணுமா? என்ன ஊர் இது!

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "குடுத்துடு. அவங்க எனக்கா பாடறாங்க? மாதாவுக்குப் பாடறாங்க" என்றாள். ஓட்டையை அடைத்துக் கோட்டைச் சேர்த்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியே கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளிக்கிழமை

கோயிலுக்குப் போகவில்லை. குடிசை வாசலில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்தபின் பாட்டு கேட்டது. முதலில் குள்ளம்மாள், பின்னால் முப்பது நாற்பது குரல். அக்கா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். 'எண்ணெய் தேய்த்த' என்று வந்ததும் அத்தனை பேரும் நின்றார்கள். காட்டில் ஒரு சத்தமில்லை. பிறகுதான் 'கையோ'.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "அவங்களுக்கு எதுக்கு அங்க மூச்சு வாங்குது?"

"நீ வாங்கினியே. எழுதிட்டேன்."

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்தடுத்த அடிகளிலும் அவர்கள் அதே இடத்தில் நின்று நின்று பாடினார்கள்.

மே 14

திருப்பத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பெருவியாதிக்கு எண்ணெய் ஊசி போடுகிறார்களாம். கூட ஓர் ஆள் தங்கவேண்டும். இது போன வருஷமே அப்பாவுக்குத் தெரியும். அந்த ஆள் யார் என்று அப்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மே 29

அக்காவைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. மாட்டு வண்டி பேசிக்கொண்டு நானும் அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு ராத்திரி வழியில்.

ஜூலை 9, ஞாயிறு

ஊசி போட்ட இடம் அக்காவுக்கு வீங்கியிருக்கிறது. குணமாகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. பரவாமல் நிற்கலாம் என்கிறார். குரல் இன்னும் இறங்கிவிட்டது, பேச்சே குசுகுசுப்புதான். இங்கே நோயாளிகளின் பிள்ளைகள் பதினாறு பேர். நாளையிலிருந்து அவர்களுக்கு நான் பாடம் நடத்தவேண்டும்.

சாயந்திரம் அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். சிக்கு எடுக்க வெகு நேரம் ஆயிற்று.