கண்ணில் காய்ந்த ரப்பர் பால்

கெர்லிங்,
1951 ஆவணி

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி? அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதே. மரம் சீவும்போது ரப்பர் பால் வலது கண்ணில் தெறித்தது. வாளி நிறையட்டும் என்று கழுவாமல் விட்டேன், காய்ந்துவிட்டது. கோப்பையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்துப் பழகிய கை, கண்ணிலும் அப்படியே உரித்துவிட்டது. அதற்குள் சாயங்கால ஊரடங்கு, நாங்கள் குடியிருக்கும் லயத்து முள்வேலிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து போடும் டிரெசர் திட்டினார்.

"கருவிழி மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்குய்யா. வெளிச்சத்துக்கு வழிவிடணும்னுதான் அதுல ரத்தமே ஓடாது. அதையா உரிச்சே? புண்ணு ஆறிடும், தழும்பு வெள்ளையா நின்னுடும்."

அப்படியே பூ விழுந்துவிட்டது. வலியில்லை. இடது கண் நன்றாக இருக்கிறது. இப்போது என்னைப் புல் வெட்டப் போட்டிருக்கிறார்கள்.

இனிமேல் பெரிய எழுத்தாக எழுது, தாளை மிச்சம் பிடிக்காதே. பாப்பாவை வெயிலில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பு. அவள் முகத்தை நான் இன்னும் பார்த்ததே இல்லை.

தபால் லோரி கிளம்புகிறது. போன தையிலேயே ஊருக்கு வரச் சொன்னாய். வந்திருந்தால் அவளை இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பேன்.

உன்
மருதமுத்து