பாலத்தடியில் காலி நாற்காலி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இன்னொரு விருது கொடுத்தார்கள், நாட்டுக்கு உழைத்த தொழிலதிபர் என்று. சாக்கடைக்கு மூடி போடும் சின்னக் காண்டிராக்டில் தொடங்கிய மனுஷர், சாலை, தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று எவ்வளவோ கட்டிவிட்டார், பெருமைதான். அந்தக் கண்ணாடி விருதுகளைத் துடைத்துத் துடைத்து என் இடுப்புதான் ஒடிகிறது.

உனக்குத் தெரியுமே, புதுப் பாலத்தின்மேல் மணல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாரம் தாங்குகிறதா என்று பார்க்கும் நாளில், அப்பா பாலத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். நான் கட்டினது, விழுந்தா என் தலைல விழட்டும் என்பார். வேலையாட்களுக்கு அதுதான் தெம்பு. போன வாரம் ஆற்றுப் பாலத்துக்கும் வழக்கம்போல நாற்காலி போட்டார்கள், என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஆனால் போன் வந்திருப்பதாகச் சொல்லிக் காரைவிட்டு இறங்கவே இல்லை. போனும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, நான் பக்கத்தில்தானே இருந்தேன். பாலம் தாங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள், இவர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து விடாமல் கேட்டதில், நடுத்தூணுக்கு இன்னும் ஆழமாத் தோண்டியிருக்கணும், தேதி நெருக்கிட்டாங்க, நானும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன், பெருவெள்ளம் வராத வரைக்கும் ஒண்ணும் ஆகாது என்றார். மழையிடம் பேசி முடித்துவிட்டு வந்தவர் மாதிரி. திறப்பு விழாவை நிறுத்துங்கள் என்று அழுதேன், கம்பெனியே போயிடும், இத்தனை பேர் பொழப்பு என்னாகும் என்கிறார். நான் போய்ச் சொல்லட்டுமா என்றால், சொல்லு, என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க என்கிறார். நீ பேசினால் கேட்பார் என்று முன்பு நினைத்திருப்பேன், இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை.

சமையலுக்கு வரும் அக்காவுக்கு நேற்று ஒரே சந்தோஷம். இனிமே படகுக்குக் காத்துக் கிடக்க வேணாம், பொண்ண அக்கரைப் பள்ளிக்கூடத்துலயே சேத்துட்டேன், எல்லாம் ஐயா புண்ணியம் என்றாள். நல்லது என்றேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இருமலைச் சும்மா விடாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. விடுமுறைக்கு வரும்போது புதுப் பாலத்தில் வராதே, எவ்வளவு தூரமானாலும் பழைய சாலையில் சுற்றிக்கொண்டு வா. அந்த அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

உன் அம்மா