மெத்தைக்குக் கீழே வைத்த கத்தி

நவம்பர் 3, 1996. ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பேஸ்மென்ற் ஜன்னலில் ஈர இலைகள் ஒட்டிக் கிடக்கின்றன, வெளிச்சம் இல்லை. பிள்ளைக்கு இன்று பத்தொன்பது நாள். இரவு மொத்தமாக இரண்டு மணித்தியால நித்திரை.

மேல்வீட்டு அன்ரி இடியப்பம் கொண்டுவந்தா. பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுவதைப் பார்த்துவிட்டு, தொட்டிலில் இரும்பு வைக்கவில்லையா என்று கேட்டா. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் இரும்பில்லாமல் விடக்கூடாதாம். ஊரிலென்றால் பாக்குவெட்டி வைப்பார்கள். குசினிக் கத்தியை எடுத்துக் காட்டினேன்.

"உது எவர்சில்வர், பிள்ளை. உதுக்குப் பேய் பிசாசு ஒண்டும் பயப்பிடாது."

கம்பஸில் இரசாயனம் படித்தவள் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இவரைப் பழைய சாமான் விற்கிற பிளீ மார்க்கெற்றுக்கு அனுப்பினேன். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் கேட்காமலே எதையாவது வைத்திருப்பா. வன்னியிலிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

இரும்புத் துண்டு கேட்டேன், கத்தியோடு வந்து நிற்கிறார். காட்டுக்குள் போகிறவர்கள் இடுப்பில் கட்டுவது. தடி சீவ, விறகு பிளக்க. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கராஜில் அடித்துச் செய்ததாம். இருபத்தைந்து டொலர். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, பிடி ஒரு பக்கம் மெலிந்துபோனது, தனக்கே பிடிக்கவில்லை என்றாராம். குறையைத் தானே சொல்லி விற்கிற ஆளை இவர் இந்த நாட்டில் இப்போதுதான் கண்டாராம்.

நவ. 4, திங்கள்

குளிர். இவருக்குக் காலை ஷிவ்ற் வேலை. பிள்ளை பால் குடித்துவிட்டுக் கிடந்த நேரம் கத்தியைச் சோதித்தேன்.

- காந்தம் ஒட்டுகிறது. அது போதாது, சில எவர்சில்வரும் ஒட்டும்.
- தேசிக்காய் வெட்டி, புளியைத் துடைக்காமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அலகு கறுத்தது, நீலமும் சாம்பலுமாய். எவர்சில்வர் இப்படிக் கறுக்காது. இரும்புதான், கொஞ்சம் கரி சேர்ந்தது.
- கூர்: தக்காளித் தோலில் வைத்தவுடனே இறங்கியது. அமத்தத் தேவையில்லை.
- அலகு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாகப் போகிறது. ஆனால் மெலிந்த பக்கத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. தண்ணீர் போனால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கிழவர் இதைச் சொல்லவில்லை. கவனித்திருக்கமாட்டார்.
- தோலுறை கைத்தையல், கோணல். பட்டன் நல்ல இறுக்கம்.

கொடுத்த காசுக்கு மேலேதான். உறையோடு தொட்டில் மெத்தைக்குக் கீழே, கால்மாட்டில் வைத்தேன். பிள்ளை மூன்று மணித்தியாலம் நித்திரை. நான் இல்லை.

நவ. 6, புதன்

இவர் பின்வளவில் பழைய பலகை ஒன்றைப் பிளந்து பார்த்தார். கத்தியின் முதுகில் தடியால் அடித்து. அலகில் ஒரு பல்லுக்கூடப் போகவில்லை. பெரிய சந்தோசம்.

"பாரும், கடையில நூறு டொலர் கத்தியும் உப்பிடி நிக்காது."

துடைத்து எண்ணெய் பூசச் சொல்லித் தந்தார். பிள்ளை மடியில். ஒரு நினைப்பு வந்தது. எழுதமாட்டேன். கத்தியை நிலத்தில் வைத்துவிட்டேன்.

அதன்பிறகு, உறையின் பட்டன் பூட்டித்தான் இருக்கிறதா என்று மெத்தையைத் தூக்கிப் பார்த்தபடி. பன்னிரண்டு தரம்வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

பிள்ளைக்குக் கட்டுகிற நப்பி முடிகிறது. வெள்ளிக்கிழமை பிள்ளையின் நிறை பார்க்க நேர்ஸ் வீட்டுக்கு வருவா.

நவ. 8, வெள்ளி

முதல் பனி. நிலத்தில் நிற்கவில்லை.

நேர்ஸ் பத்து மணிக்கு. நல்ல மனுசி. நிறை கூடியிருக்கிறது என்றா. தொட்டில் மெத்தை இறுக்கமா என்று கையால் அமத்திப் பார்த்தா. கால்மாட்டில் கை நின்றது. கத்தியை வெளியே எடுத்தா. உறையைக் கழற்றவில்லை. மேசையில், தன் பக்கமாக வைத்தா.

பாதுகாப்புக்கு என்றேன். யாரிடமிருந்து என்று கேட்டா.

பேய் பிசாசு என்று எப்படிச் சொல்வது? ஆளில்லை, ஆளில்லை என்றேன். கணவர் அடிக்கிறவரா? ஐயோ, இல்லை. நித்திரை வருகிறதா? ஓம். அழுகிறீரா? இல்லை. கடைசியாக, குரலைத் தணித்து: பிள்ளைக்கு நீரே ஏதும் செய்துவிடுவீர் என்று எப்போதாவது பயந்ததுண்டா?

இல்லை என்றேன். கேள்வி முடியமுதலே சொல்லிவிட்டேன். அது அவவுக்கு விளங்கியிருக்கும்.

கத்தியை உயரத்தில் வைக்கச் சொன்னா. திங்கள் திரும்ப வருவாவாம். போகமுதல் நெடுநேரம் எதையோ எழுதினா. என்ன எழுதினா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

நவ. 9, சனி

நேற்று இவரிடம் சொல்லவில்லை. இன்று மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். சிரித்தார்.

"பேய்க்கு வைச்ச கத்தி. பயந்தது நேர்ஸ்."

நான் சிரிக்கவில்லை. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முப்பத்தொன்றுக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கிறது, நல்ல கத்தி, உயரத்தில் வைப்போம் என்றார்.

"நல்ல கத்திதான். வீட்டில கிடந்தா எனக்குப் பயமாக் கிடக்கு."

"உறைக்குள்ளதானே கிடக்கு. அது என்ன செய்யப்போகுது?"

"அது ஒண்டும் செய்யாது. எனக்கு என்னிலதான் பயம்."

இவர் சோற்றில் வைத்த கை அப்படியே காய்ந்தது. பிறகு எழும்பிக் கை கழுவி, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கத்தி இப்போது கார் டிக்கியில்.

நவ. 10, ஞாயிறு

வெயில், ஆனால் சூடில்லை. இவர் கொடுத்துவிட்டு வந்தார். கிழவர் அலகைத் திருப்பிப் பார்த்து, இது தேசிக்காய்க் கறை, யார் வெட்டியது என்றாராம். மனைவி என்றிருக்கிறார். கத்தி பார்க்கத் தெரிந்தவ ஏன் வேண்டாம் என்கிறா? வீட்டில் கைக்குழந்தை என்றாராம் இவர். கிழவர் அதற்குமேல் கேட்கவில்லை. எடுத்து வைக்கிறேன், பிள்ளை வளர்ந்தபிறகு வந்து வாங்குங்கள் என்றாராம். பிள்ளை வளரும் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

இரும்பில்லாமலா என்று அன்ரி முகத்தைச் சுளித்தா. துருப்பிடித்த ஆணி ஒன்று தந்தா. இவர் அதைக் கதவு நிலையில், உயரத்தில் அடித்துவிட்டார்.

நாளை பத்து மணிக்கு நேர்ஸ். இவர் வேலைக்கு வரமாட்டேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவற்றை இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தேன்.

1. நித்திரை இல்லை.
2. அழுகிறேன். குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.
3. கடைசிக் கேள்விக்கு, ஓம்.

மூன்றை முதலில் சொல்ல வேண்டும். ஒன்றில் தொடங்கினால் இரண்டோடு நிறுத்திவிடுவேன்.